ஜெசிந்தா டம்ளரை எடுத்தால்

ஜெசிந்தா அக்காவுக்கு எங்கள் கம்பெனி சம்பளம் கொடுத்தது சிரிப்பதற்கு. இதைச் சொன்னால் ஆட்கள் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உண்மை அதுதான்.

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் ரோட்டில், செல்போன் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. அங்கே உட்கார்ந்து வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதிக்கொண்டிருந்தோம். வசனம் என் வேலை. அலீனா பாட்டு எழுதுவாள், குழந்தைகள் பேசும் இடங்களும் அவளுடையவை. நாங்கள் எழுதியது பொம்மையின் வாயசைப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வெட்டி ஒட்டுகிறவன் இனியன். நான்காவது ஆள் ஜெசிந்தா அக்கா.

அவர் முதலில் வந்தது அறையைக் கூட்டிப் பெருக்கவும் டீ போடவும்தான். அணுபுரத்துக்குப் பக்கத்துக் காலனிக்காரர். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். அக்கா பத்தாவது பாஸ் செய்து, ஷூ கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் சோல் ஒட்டி, அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர். தினமும் ஒன்றரை மணி நேரம் இரண்டு பஸ் மாறி எங்கள் மாடிக்கு வருவார். காலில் ஒரு சத்தம் இருக்காது.

அப்போது ஒரு கொரியத் தொடர் செய்துகொண்டிருந்தோம். நீர்யானை ஒன்று பஸ் கண்டக்டர். கொரிய ஜோக் எதுவும் தமிழில் நிற்காது. எல்லாவற்றையும் நாங்களே எழுத வேண்டும். ஒரு நாள் நான் சத்தமாகப் படித்தேன். கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்கிறது. கொக்கு கத்துகிறது: "இன்னும் எங்கய்யா உள்ள போறது? டிரைவர் மடியில உக்காந்துகினு கீறேன்!" நாங்கள் மூவரும் உம்மென்று இருந்தோம். எழுதி எழுதி எங்களுக்கு எல்லாம் வைக்கோலாகிவிட்டிருந்தது. கதவுப் பக்கம் 'ஃபுஃப்' என்று ஒரு சத்தம். திரும்பினால் ஜெசிந்தா அக்கா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். தோள் மட்டும் குலுங்குகிறது.

அந்த வரியைத்தான் ஊரெல்லாம் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் அண்ணன் செருப்புக் கடைக்கு வந்த பொடிசுகூடச் சொல்லிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று விட்டுவிட்டேன். பிறகு மாதக்கணக்காகக் கவனித்தோம். அக்கா சிரித்தது ஓடியது. சிரிக்காதது செத்தது. கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு உள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அப்போதிருந்த மேனேஜர் சம்பளத்தை உயர்த்தி, பெயருக்குப் பக்கத்தில் 'உதவியாளர்' என்று போட்டார். வேறென்ன போடுவார், பாவம்.

பிடிக்கவில்லை என்று அக்கா ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. வரி நன்றாக இல்லையென்றால் எழுந்து டீ டம்ளர்களை எடுக்க ஆரம்பிப்பார். அவ்வளவுதான். டீ பாதி மிச்சம் இருந்தாலும் எடுத்துவிடுவார். டம்ளரோடு டம்ளர் மோதும் சத்தம் கேட்டால் அந்த வரி போச்சு. மூன்றில் இரண்டு வரிக்கு டம்ளர் சத்தம்தான் கேட்கும். நான் ஆறிய டீயையும் குடித்திருக்கிறேன், டீயே இல்லாமலும் இருந்திருக்கிறேன். ஆனால் அந்த அறையில் எழுதியது போல நான் வேறெங்கும் எழுதியதில்லை.

சாயங்காலம் மழை பெய்தால் அவர் வீட்டுக்காரர் சாலமோன் அண்ணன் பைக்கில் வந்து கீழே நிற்பார். அணுபுரத்தில் ஒப்பந்த வேன் ஓட்டுகிற மனிதர். மேலே வரச் சொன்னால் வரமாட்டார். "வூட்ல ஒரு நாளு சிரிச்சதில்ல தம்பி. இங்க டப்பு குடுக்குறீங்கன்னு சிரிக்கிறா" என்பார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு ஏறி உட்காருவார்.

2024 மார்ச்சில் கம்பெனி மாடியைக் காலி செய்தது. வாடகை மிச்சம், எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். நான் மாமல்லபுரத்தில், அலீனாவும் இனியனும் செங்கல்பட்டில், அக்கா காலனியில். புது மேனேஜர் பரணிதரன் சென்னையில். கெட்டவர் இல்லை. குரல் உயர்த்தாத, எல்லோரையும் 'ப்ரோ' என்கிற மனிதர். ஆனால் எதையும் எக்செல் ஷீட்டில் கட்டம் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குக் கண் தெரியும்.

தினமும் பதினோரு மணிக்கு மீட்டிங். நெட் இழுத்ததால் கேமராவை அணைத்தோம். என் வீட்டுக்குப் பின்னால் கல் அறுக்கும் மெஷின் சத்தம், இனியன் வீட்டில் அவன் அப்பா டிவியோடு சண்டை போடும் சத்தம். அதனால் படிக்கிறவரைத் தவிர மற்றவர்கள் மைக்கையும் அணைக்க வேண்டும் என்று பரணிதரன் விதி போட்டார். நான் ஒரு ஜோக்கைப் படித்துவிட்டு நிறுத்துவேன். எதிரே மூன்று கறுப்புக் கட்டம். கிணற்றில் கல்லைப் போட்டால் ஒரு 'தொபக்' ஆவது கேட்கும். இதில் அதுவும் இல்லை.

ஏப்ரலில் பரணிதரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஷபீர் ப்ரோ, நீங்க நாப்பது வரி, அலீனா முப்பது வரி, இனியன் ரெண்டு எபிசோடு. ஜெசிந்தாவுக்கு நான் என்ன போடறது? அவங்க என்ன செய்றாங்கன்னு மேல கேக்கறாங்க. வேலை தெரிஞ்சாகணும். இல்லன்னா டீம் மூணு பேர்தான்."

சிரிக்கிறார் என்று எப்படிச் சொல்வது? நான்தான் யோசனை சொன்னேன். நன்றாகக் கேளுங்கள், அந்த யோசனை என்னுடையது. வரி பிடித்திருந்தால் அக்கா சாட்டில் 'ஹா ஹா' என்று எழுதட்டும், அதை எண்ணி அவர் கட்டத்தில் போடுங்கள், எத்தனை 'ஹா ஹா'வோ அத்தனை வரிக்கு ஒப்புதல் கொடுத்ததாகக் கணக்கு. பரணிதரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நானும் ஓர் ஆளின் வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். வேண்டாம் என்பதற்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை என்பது எங்கள் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

முதலில் நாளுக்கு எட்டு, ஒன்பது வந்தது. மேல் இடத்தில் மறுபடியும் கேட்டார்கள். ஜூனில் பதிமூன்று, பதினான்கு ஆயிற்று. ஜூலை இரண்டாவது வாரம் நான் படித்தது எல்லாவற்றுக்கும் 'ஹா ஹா'. ஒன்றுகூடத் தள்ளுபடி இல்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கு வருகிறது என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அலீனா சொல்லி ஆளுக்கொரு பிரியாணி வரவழைத்து, அன்று மட்டும் கேமராவைப் போட்டுக்கொண்டு சேர்ந்து சாப்பிட்டோம். காலனிக்கு டெலிவரி இல்லை. அக்காவின் கட்டம் கறுப்பாகவே இருந்தது. "அக்கா, உங்களுக்குக் கடன் வெச்சிருக்கோம்" என்றேன். 'சரி தம்பி' என்று எழுதினார். பக்கத்தில் ஒரு 'ஹா ஹா'.

ஜூலை இருபது, சனிக்கிழமை. திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். அணுபுரம் தாண்டி ஒரு பஸ் நிழற்குடையில் வெயிலுக்கு ஒதுங்கினேன். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வெயிலில் ஓரம் சுருண்டிருந்தது. நம் ஊரில் சுவர் இருந்தால் போஸ்டர் இருக்கும், யார் பார்க்கிறார்கள்? தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது. சாலமோன் அண்ணன். கோட்டு போட்டிருந்தார். கோட்டை ஸ்டுடியோக்காரன்தான் போட்டுவிட்டிருக்க வேண்டும். கர்த்தருக்குள் நித்திரையடைந்தது 9.7.2024, செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் மீட்டிங் நடந்ததே என்றுதான் முதலில் நினைத்தேன். போனை எடுத்து சாட்டை மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒன்பதாம் தேதி. பதினொன்று நான்குக்கு ஜெசிந்தா: ஹா ஹா. பதினொன்று ஆறுக்கு ஹா ஹா. எண்ணினேன். பதினேழு. மறுநாள் பத்தாம் தேதி, அடக்கம் நடந்த நாள். பத்தொன்பது. பஸ் ஒன்று வந்து நின்று, நான் ஏறுவேனா என்று பார்த்துவிட்டுப் போயிற்று.

கல்யாணத்துக்குப் போகவில்லை. விசாரித்துக்கொண்டு காலனிக்குப் போனேன். தகர ஷீட் இறக்கிய வாசலில் அக்கா உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முறத்தில் ஒரு படி பூண்டு இருந்தது. அவ்வளவு பூண்டு அந்த வீட்டுக்கு எதற்கு என்று தெரியவில்லை.

"வா தம்பி. இன்னா, இவ்ளோ தூரம்?"

"அக்கா, போஸ்டர் பார்த்தேன்."

"அதுவா. மன்றத்துப் பசங்க ஒட்னாங்க." பூண்டை உரித்துக்கொண்டே சொன்னார். "காலைல அஞ்சே முக்காலுக்கு வண்டி எடுக்கப் போனாரு. டீக்கடையில உக்காந்தாரு. அவ்ளோதான். ஹார்ட்டுன்னாங்க."

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு இல்ல. குரூப்ல இன்னான்னு போடுவேன்? மேல பூரா ஹா ஹா ஹா ஹான்னு நானே போட்டு வெச்சிகீறேன். அதுக்குக் கீழ இத்தப் போடணுமா?"

உள்ளே அவர் பெண் ஜாய்ஸ் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்பு. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் குனிந்துகொண்டது.

"அன்னிக்கு எப்படிக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"ஐஸ் பெட்டி பக்கத்துல உக்காந்துகினு இருந்தேன். எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தாங்க, எப்ப அழுவாள்னு. எனுக்கு அழுகை வர்ல தம்பி. ஒண்ணும் வர்ல. பதினோரு மணிக்கு போன் அடிச்சுது. எட்தேன். நீ படிச்சிகினு இருந்த. நீ நிறுத்துறப்போல்லாம் கை தானா அடிச்சுது. ரெண்டு நாள் கட்டம் காலியா கீதுன்னா மேல கேப்பாங்கன்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

"அப்ப நான் படிச்சது ஏதாவது காதுல விழுந்துச்சாக்கா?"

"இல்ல" என்றார். வருத்தமோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். "கால் மரத்துப்போனா கிள்ளிப் பாப்பியே, அப்டி கீது. கிள்றது தெரியுது. வலிக்கல."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்து முடித்ததும் டம்ளரை எடுக்க வந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, பதினோரு நாள் கழித்து, உறவே இல்லாத எனக்கு. துக்க வீட்டில் அழ வேண்டியவர் எதிரே உட்கார்ந்து பூண்டு உரிக்க, நான் கர்ச்சீப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஹா ஹா எல்லாம் இனிமே வேணாம். சிரிப்பு வராட்டி விடுங்க. புடிக்கலன்னா பழைய மாதிரி டம்ளர எடுங்க, போதும். மைக்க நாங்க தெறந்தே வெக்கிறோம்."

"வூட்ல இப்ப ரெண்டு டம்ளர்தான் தம்பி எடுக்க கீது" என்றார். "வேல போயிடாதே? இவ பன்னண்டாவது முடிக்கணும்."

போகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த தைரியத்தில் சொன்னேனோ.

பரணிதரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்கு இரண்டு வாரம் லீவு கொடுத்தார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார், வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது என்று. மைக்கைத் திறந்து வைக்கப் பரணிதரன் ஒப்புக்கொண்டார். ஆனால் கட்டம் கட்டம்தான். ஆகஸ்ட் கடைசியில் அவரே ஒரு மீட்டிங்குக்கு வந்து முழுக்க உட்காருவார், அக்காவின் வேலை என்ன என்று தன் காதால் கேட்பார், கேட்டு மேலே எழுதுவார். அதற்கு மேல் தன்னால் முடியாது என்றார்.

மைக்கைத் திறந்தோம். கல் அறுக்கும் மெஷின், டிவி, குக்கர் விசில், காலனியில் மீன் வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, எல்லாம் வந்தது. அக்காவின் பக்கத்திலிருந்து அக்கா மட்டும் வரவில்லை. நாங்கள் படிப்போம், நிறுத்துவோம், காத்திருப்போம். சிரிப்பும் இல்லை, டம்ளரும் இல்லை. ஐந்து வாரம் அப்படியே போயிற்று. எது நல்ல வரி, எது கெட்ட வரி என்று எங்களுக்குத் தெரியவில்லை. குருட்டாம்போக்கில் எழுதி அனுப்பினோம். "மச்சான், அவங்கள விட்ருலாம்டா, பாவம், நாமளே அவங்க பேருக்கும் சேத்து எழுதிக் கட்டத்த ரொப்பிடுவோம்" என்றான் இனியன். நல்ல மனசுதான் அவனுக்கு. ஆனால் கட்டத்தை ரொப்பித்தான் இவ்வளவும் வந்தது. நான் கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் முப்பது, வெள்ளிக்கிழமை. பரணிதரன் வந்தார். எல்லா இரைச்சலுக்கும் நடுவில் "கேக்குது, கேக்குது, ஆரம்பிங்க ப்ரோ" என்றார். ஐந்து வாரமாகச் சேர்த்து வைத்ததில் ஆகச் சிறந்ததை முதலில் எடுத்தேன். கொக்கு கேட்கிறது, உனக்கு உடம்பு இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, காது ஏன் இவ்வளவு சின்னது? நீர்யானைக் கண்டக்டர் சொல்கிறது: "வீட்டுல என் சம்சாரம் பேசறது கேட்கக் கூடாதுன்னுதான்!"

பரணிதரன் வெடித்துச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கேட்டதேயில்லை. "சூப்பர் ப்ரோ, இது சூப்பர்" என்றார். இனியனும் பின்னாலேயே சிரித்தான். மேனேஜர் சிரித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியது, ஒளிக்க மாட்டேன்.

அப்போது 'டங்' என்றது. எவர்சில்வர் டம்ளர் ஒன்று இன்னொன்றின் மேல் மோதுகிற சத்தம். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து போகும் காலடி. மாடியில் கேட்காத காலடி, சிமெண்ட் தரையில் நன்றாகவே கேட்டது.

இனியன் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான். அலீனா "யா அல்லா" என்று மெல்லச் சொன்னாள். பரணிதரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன சத்தம் அது?" என்றார்.

இப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். பாத்திரம் விழுந்தது சார் என்று சொல்லியிருக்கலாம். மேனேஜருக்குப் பிடித்த வரியை வைத்துக்கொண்டு, அக்கா பெயருக்கு ஒரு 'ஹா ஹா' போட்டு, வேலையைக் காப்பாற்றியிருக்கலாம். முன்பு ஒரு முறை அப்படிக் காப்பாற்றிய லட்சணம்தான் தெரியுமே.

"அந்த வரி போச்சு சார்" என்றேன். "ஜெசிந்தா அக்காவுக்குப் புடிக்கல. அவங்க வேலை இதுதான்."

பரணிதரன் அக்காவிடமே, "ஏன்மா? நான் சிரிச்சேனே. நல்லாத்தான இருந்தது?" என்றார். அதட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அக்கா திரும்பி வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நீங்க சிரிப்பீங்க சார். உங்குளுக்கு வூட்ல சம்சாரம் கீறாங்க. பாக்கறது சின்னப் புள்ளைங்க. அதுங்குளுக்கு ஏது சார் சம்சாரம்?"

மீன் வண்டி காலனியைத் தாண்டிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. சாலமோன் அண்ணன் போய் ஐம்பத்திரண்டு நாளில், ஒரு வரியைப் பற்றி அக்கா தன் மனதில் பட்டதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அந்த வரியை அழித்தேன்.

"அடுத்தது படிங்க" என்றார் பரணிதரன்.

அன்று பதினொரு வரி படித்தேன். ஏழுக்கு டம்ளர் சத்தம் கேட்டது. நான்கு மிஞ்சியது. பரணிதரன் அக்காவின் கட்டத்தில் என்ன எழுதினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. செப்டம்பர் முதல் வாரம் புது ஷீட் வந்தது. 'ஒப்புதல்' என்று இருந்த இடத்தில் 'நீக்கியவை' என்று இருந்தது. பக்கத்தில் ஜெசிந்தா பெயர், அதற்குப் பக்கத்தில் ஏழு.

ஜாய்ஸ் இப்போது பன்னிரண்டாவது. நீர்யானை பஸ்ஸை விட்டு ரயிலுக்குப் போய்விட்டது, மூன்றாவது சீசன். அக்கா இன்றுவரை சிரிக்கவில்லை. அழுததாகவும் தெரியவில்லை. நாங்கள் கேட்பதில்லை. நான் படித்துவிட்டு நிறுத்துவேன். மூன்று வீட்டு இரைச்சலையும் தள்ளிவிட்டு அந்த ஒரு வீட்டை மட்டும் காது கொடுத்துக் கேட்போம். டம்ளர் சத்தம் வந்தால் அழிப்பேன். வராவிட்டால் அந்த வரியை வைத்துக்கொண்டு அடுத்ததைப் படிப்பேன்.